கயத்தாறு காற்றாலைக்கும் காரைக்குடி அழகப்பருக்கும் என்ன சம்பந்தம்?

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் நான்குவழிச் சாலையில் கயத்தாறை நெருங்கும்போதே காற்றாலைகள் வரிசையாகத் தெரிய ஆரம்பிக்கும். ஆனி, ஆடி மாதங்களில் சுற்றிலும் கரிசல் நிலம் மழையை எதிர்பார்த்துக் கிடக்கும். இறக்கைகளுக்கு மட்டும் அந்த மாதங்களில் ஓய்வே இருக்காது.

அப்படிக் காற்று பேயாக வீசும் நேரத்தில் திடீரென்று மின் கட்டமைப்பிலிருந்து இணைப்பு அறுந்துபோனால் என்ன ஆகும்? உற்பத்தியாகும் கரண்ட்டை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. சுமை இல்லாத இறக்கைகள் கட்டுப்பாடில்லாமல் வேகமெடுக்கும். அதைத் தடுக்க, இறக்கைகளின் முகத்தைக் காற்றுக்கு நேராக இல்லாமல் திருப்பிவிட வேண்டும். நவீன காற்றாலைகளில் இந்த வேலையைச் செய்ய ஒவ்வொரு இறக்கைக்கும் ஒரு மோட்டார் இருக்கும். பல காற்றாலைகளில் அது மின் மோட்டார். வெளியிலிருந்து கரண்ட் இல்லாத நேரத்தில் அதை ஓட்டுவது எது?

உச்சியிலேயே சேமித்து வைத்திருக்கும் கரண்ட்தான். முன்பெல்லாம் இதற்கு பேட்டரிதான் வைத்தார்கள். வெயிலில் பேட்டரி சீக்கிரம் கெட்டுவிடும். சில வருஷத்துக்கு ஒருமுறை ஆள் மேலே ஏறி மாற்ற வேண்டும். அதனால் இப்போது பல காற்றாலைகளில் அந்த இடத்துக்கு சூப்பர் கெபாசிட்டர் வந்துவிட்டது. அதைப் பிரித்துப் பார்த்தால் அலுமினியத் தாளில் தடவிய கருப்புப் பொடி இருக்கும். பெரும்பகுதி கரி. அந்தக் கரி முழுசாக வேலை செய்ய, கடத்தும் பொருள் ஒன்றைக் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். அதற்காக உலகம் முழுக்க ஆய்வகங்களில் சோதிக்கப்படும் பொருள்களில் ஒன்று, கார்பன் நானோகுழாய்.

இந்தக் கருப்புப் பொடியைப் பற்றிய அறிவியலுக்கு மின்வேதியியல் என்று பெயர். அதற்கென்றே இந்தியாவில் ஒரு தேசிய ஆய்வகம் இருக்கிறது. அது டெல்லியிலோ மும்பையிலோ இல்லை, காரைக்குடியில் இருக்கிறது. உள்ளூர் மக்கள் சிக்ரி என்று சுருக்கமாகச் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. ஆறும் இல்லாத, பெரிய ஆலையும் இல்லாத அந்த வறண்ட ஊருக்கு அப்படியொரு நிலையம் வரக் காரணம் ஒரு தனி மனிதர். அவர் அழகப்பச் செட்டியார்.

யார் இந்த அழகப்பர்?

காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் 1909 ஏப்ரல் 6-ஆம் தேதி பிறந்தார் அழகப்பர். அப்பா ராமநாதன் செட்டியார், அம்மா உமையாள் ஆச்சி. நகரத்தார் குடும்பங்களில் அந்தக் காலத்தில் பிள்ளை ஓரளவு எழுதப் படிக்கக் கற்றதும் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கப்பலேறி, கொண்டுவிற்கும் தொழிலில் உட்கார்வதுதான் வழக்கம். அழகப்பர் படிப்பின் பக்கம் போனார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தபோது அவருக்கு வயது 21. அவருடைய சமூகத்தில் அதுவரை யாரும் அந்தப் பட்டம் வாங்கியதில்லை.

பிறகு லண்டன். அங்கே சட்டம் படித்து பாரிஸ்டர் ஆனார். சார்ட்டர்ட் வங்கியில் பயிற்சி பெற்றார். அந்த வங்கி லண்டனில் பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட முதல் இந்தியர் அவர். கிராய்டனில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டு சான்றிதழோடு ஊர் திரும்பினார்.

திரும்பியவர் கோர்ட்டுக்குப் போகவில்லை, வியாபாரத்தில் இறங்கினார். 1930-களின் கடைசியில் கொச்சி சமஸ்தானத்தில், திருச்சூர் பக்கம் ஒரு துணி ஆலையைத் தொடங்கினார். அந்த இடத்துக்கு இன்றைக்கும் அழகப்பா நகர் என்றுதான் பெயர். மலேயாவில் ரப்பர் தோட்டம், பர்மாவில் ஈயச் சுரங்கம், இன்ஷூரன்ஸ், பங்கு வர்த்தகம், ஓட்டல், தியேட்டர் என்று கை வைக்காத துறை குறைவு. உலகப் போர் முடிந்ததும் ஜூபிட்டர் ஏர்வேஸ் என்ற விமான கம்பெனியையும் நடத்திப் பார்த்தார். அது நெடுநாள் நிலைக்கவில்லை.

ஆங்கிலேய அரசு அவருக்கு சர் பட்டம் கொடுத்தது. நாடு விடுதலையானதும் அதை அவர் விட்டுவிட்டார்.

கொடுக்க ஆரம்பித்தது எப்போது?

1943-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு ஒரு பேராசிரியர் இருக்கை அமைய ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். அடுத்த வருஷமே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 5 லட்சம் ரூபாய். கிண்டியில் இன்றைக்கு ஏ.சி. டெக் என்று மாணவர்கள் சொல்லும் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி அதில் பிறந்ததுதான். அங்கே முதலில் வந்த துறைகளைப் பார்த்தாலே அவர் மனசில் என்ன இருந்தது என்று புரியும். வேதிப் பொறியியல், ஜவுளித் தொழில்நுட்பம், தோல் தொழில்நுட்பம். மூன்றுமே விளைபொருளை வாங்கி, அறிவைச் சேர்த்து, விலை கூட்டி விற்கும் தொழில்களுக்கான படிப்பு.

கரிசல் பூமிக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். கோவில்பட்டியில் 1901-லிருந்தே வேளாண் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. கருங்கண்ணிப் பருத்தியில் எத்தனையோ ரகங்கள் அங்கிருந்து வந்தன. பஞ்சு விளைந்தது. பக்கத்திலேயே நூற்பாலைகளும் எழுந்ததால்தான் அந்தப் பஞ்சு ஊருக்குள்ளேயே கூலியாக மாறியது. ஆலை இல்லாவிட்டால் பொதி ஏற்றி அனுப்புவதோடு சரி.

ஒரு கூட்டத்தில் கேட்ட பேச்சு

1947-இல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டை ஒட்டி ஒரு கூட்டம் நடந்தது. அதில் பேசிய சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ.லட்சுமணசுவாமி முதலியார், விடுதலை பெறப்போகும் நாட்டுக்குக் கல்லூரிகள் வேண்டும், வசதி படைத்தவர்கள் முன்வர வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். கூட்டத்தில் இருந்த அழகப்பர் காரைக்குடியில் ஒரு கல்லூரி தொடங்குவதாக அங்கேயே அறிவித்தார். சில வாரங்களில் கல்லூரி நடக்க ஆரம்பித்துவிட்டது. சொந்தக் கட்டடம் எழும்வரை காந்தி மாளிகையில் வகுப்புகள் நடந்தன.

அதற்குப் பிறகு வரிசையாக வந்தவை பல. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952-இல் பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், பள்ளிகள். சென்னையில் கணிதத்துக்காக 1950-இல் ராமானுஜன் பெயரில் ஒரு ஆய்வு நிறுவனமும் அவர் பணத்தில் வந்தது.

சிக்ரி வந்த கதை

விடுதலையை ஒட்டிய வருஷங்களில் சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பின் தலைமையில் இருந்தவர் விஞ்ஞானி சாந்தி ஸ்வரூப் பட்நாகர். நாடு முழுக்கத் துறைக்கு ஒன்றாகத் தேசிய ஆய்வகங்களை நிறுவும் வேலை அவர் கையில் இருந்தது. பிரதமர் நேருவின் ஆதரவும் அவருக்கு இருந்தது. மின்வேதியியலுக்கு ஒரு ஆய்வகம் என்று பேச்சு வந்தபோது, அழகப்பர் காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருவதாக முன்வந்தார். அந்தக் காலத்து 15 லட்சம்.

1948 ஜூலை 25-இல் நேரு காரைக்குடிக்கே வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் சமயத்தில், அப்போது குடியரசுத் துணைத் தலைவராக இருந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் நிலையத்தைத் திறந்துவைத்தார்.

மின்வேதியியல் என்றால் என்ன? கரண்ட்டை வைத்து வேதிப்பொருள் செய்வது, வேதிப்பொருளை வைத்து கரண்ட் எடுப்பது, இரண்டும் அதில் அடங்கும். பேட்டரி, முலாம் பூசுவது, அலுமினியம் எடுப்பது, இரும்பு துருப்பிடிப்பது எல்லாமே இந்தத் துறைதான்.

கோவில்பட்டிக்காரர்களுக்கு ஒரு உதாரணம் போதும். தீக்குச்சி. குச்சியின் தலைமருந்தில் முக்கியமான சரக்கு பொட்டாசியம் குளோரேட். உரசியதும் பற்றிக்கொள்ள ஆக்சிஜன் கொடுப்பது அதுதான். உப்புக்கரைசலுக்குள் மின்சாரம் பாய்ச்சித்தான் குளோரேட்டைத் தயாரிக்கிறார்கள். அந்தத் தொட்டிக்குள் இருக்கும் மின்முனை அரித்துப் போகாமல் எவ்வளவு நாள் தாங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் விலை. குளோரேட், பெர்குளோரேட் தயாரிப்புக்கு கிராஃபைட் மேல் ஈய டை ஆக்சைடு பூசிய மின்முனைகளை உருவாக்கியது சிக்ரியின் பேர் சொல்லும் வேலைகளில் ஒன்று. உப்புக்காற்றில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் அதற்குக் கிளை நிலையங்கள் உண்டு.

கடைசி வருஷங்கள்

இவ்வளவையும் செய்துகொண்டிருந்தபோது அழகப்பரைத் தொழுநோய் பிடித்திருந்தது. நோயைவிட அதைப் பற்றிய பயமும் விலக்கலும் கொடுமையாக இருந்த காலம். முழுசாகக் குணமாக்கும் கூட்டு மருந்து வர இன்னும் பல வருஷம் இருந்தது. வியாபாரத்திலும் பழைய வேகம் இல்லை. கொடுப்பது மட்டும் நிற்கவில்லை. பெண்களுக்கு ஒரு கல்லூரி வேண்டும் என்றபோது கோட்டையூரில் தாம் வாழ்ந்த மாளிகையையே கொடுத்துவிட்டார்.

மத்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது கொடுத்தது. 1957 ஏப்ரல் 5-இல் அவர் மறைந்தார். ஒரு நாள் தாண்டியிருந்தால் 48 வயது நிறைந்திருக்கும்.

அவர் போன கையோடு, ஒரே மனிதரின் பணத்தை நம்பியிருந்த ராமானுஜன் நிறுவனம் தடுமாறியது. வானியல் விஞ்ஞானி எஸ். சந்திரசேகர் நேருவிடம் எடுத்துச் சொல்ல, 1957-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. சிக்ரிக்கு அந்த ஆபத்து வரவில்லை. நிலமும் முதல் பணமும் அழகப்பர் கொடுத்தது. வருஷா வருஷம் சம்பளமும் கருவிகளும் சி.எஸ்.ஐ.ஆர். வழியாக வந்துகொண்டிருந்தன. தானம் நின்ற பிறகும் ஆராய்ச்சி ஓட அந்த ஏற்பாடுதான் காரணம்.

அதே 1957 ஜூலையில் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹோவர்ட் பெக்கர் என்பவருக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. நுண்துளை உள்ள கரியை மின்முனையாக வைத்து மின்னூட்டத்தைச் சேமிக்கும் கருவிக்கான காப்புரிமை. இன்றைய சூப்பர் கெபாசிட்டரின் ஆரம்பம் அதுதான்.

கன்டென்சருக்கும் சூப்பர் கெபாசிட்டருக்கும் என்ன வித்தியாசம்?

வீட்டில் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எலெக்ட்ரீஷியன் வந்து கன்டென்சர் போயிடுச்சு என்று ஒரு சின்ன டப்பாவை மாற்றிவிட்டுப் போவார். அதுதான் கெபாசிட்டர். இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் கரண்ட் கடத்தாத ஒரு மெல்லிய படலம். ஒரு தகட்டில் நேர்மின்னூட்டம் சேரும், மறுதகட்டில் எதிர்மின்னூட்டம். தகட்டின் பரப்பு கூடினாலும், இடைவெளி குறைந்தாலும் அதிகம் சேமிக்கலாம்.

சூப்பர் கெபாசிட்டர் இந்த இரண்டையும் எல்லைவரை கொண்டுபோகிறது. தகட்டுக்குப் பதில் நுண்துளைகள் நிறைந்த கிளர்வுற்ற கரி. பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு, ஆவியில் மறுபடி வாட்டித் துளை போட்டது. இந்தக் கரி ஒரு கிராமுக்குள் இருக்கும் துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் சுமார் 1,500 சதுர மீட்டர் வரும். நிலக் கணக்கில் 37 சென்ட். ஒரு சிட்டிகைப் பொடிக்குள் வீடு கட்டித் தோட்டமும் போடுகிற அளவு இடம்.

கரி மின்பகு திரவத்தில் ஊறியிருக்கும். சார்ஜ் ஏற்றும்போது திரவத்தில் உள்ள அயனிகள் துளைச் சுவரில் வந்து ஒட்டி நிற்கும். இடைவெளி ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. இப்படி இரண்டு அடுக்கு உருவாவதை ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-லேயே விளக்கிவிட்டார். அதைச் சேமிப்புக்குப் பயன்படுத்த நூறு வருஷம் ஆனது.

கணக்கைப் பாருங்கள். ஃபேன் கன்டென்சரின் அளவு 2.5 மைக்ரோஃபாரட். கையில் அடங்கும் அரைக்கிலோ சூப்பர் கெபாசிட்டர் ஒன்று 3,000 ஃபாரட். நூறு கோடி மடங்குக்கும் மேல். ஆனாலும் அதில் இருக்கும் மொத்த ஆற்றல் ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பை 20 நிமிஷம் எரியவைக்கத்தான் காணும். அதே எடை லித்தியம் பேட்டரி பல மணி நேரம் எரிய வைக்கும்.

அப்படின்னா இதனால் என்ன லாபம்? வேகமும் ஆயுளும்தான். பேட்டரிக்குள் வேதிவினை நடக்க வேண்டும். இங்கே அயனி ஒட்டுவது, விலகுவது, அவ்வளவுதான். சில நொடிகளில் நிரம்பும், சில நொடிகளில் மொத்தமும் கொட்டும். லட்சக்கணக்கான தடவை இப்படிச் செய்தாலும் தாங்கும். காற்றாலை இறக்கையைத் திருப்ப 20 மணி நேரக் கரண்ட் தேவையில்லை. சில விநாடிகளுக்கு மொத்தமாகக் கிடைத்தால் போதும்.

நானோகுழாய் எங்கே வருகிறது?

கரியில் ஒரு குறை உண்டு. துளை போடப் போட, கரண்ட் கடத்தும் திறன் குறைந்துகொண்டே போகும்.

கரிசல் மண்ணை நினைத்துக்கொண்டால் இது புரியும். பெய்த மழையை அது மாதக்கணக்கில் பிடித்துவைத்துக்கொள்ளும். மானாவாரிப் பயிர் பிழைப்பதே அதனால்தான். ஆனால் அதற்குள் தண்ணீர் ஓடுவது மிக மெதுவாக. கிளர்வுற்ற கரியும் அப்படித்தான். மின்னூட்டத்தை வாங்கி வைக்க இடம் ஏராளம். வேகமாகக் கொண்டுபோகவும் எடுத்துவரவும் வாய்க்கால் இல்லை. வாய்க்கால் இல்லேன்னா, அலுமினியத் தாளுக்குப் பக்கத்தில் உள்ள துகள் மட்டும் சுறுசுறுப்பாக வேலை செய்யும். தள்ளி இருக்கும் துகள் பேருக்குத்தான் இருக்கும்.

அதற்காக மின்முனை செய்யும்போதே கடத்தும் பொருள் ஒன்றைச் சேர்க்கிறார்கள். தோசை மாவு மாதிரி ஒரு குழம்பு கரைத்து, அலுமினியத் தாளில் மெல்லியதாகத் தடவிக் காயவைப்பதுதான் செய்முறை. காய்ந்த பூச்சு 100 கிராம் என்றால் அதில் பொதுவாக 80 முதல் 90 கிராம் கிளர்வுற்ற கரி. 5 முதல் 10 கிராம் ஒட்டவைக்கும் பசை. இன்னொரு 5 முதல் 10 கிராம் கடத்தும் பொருள். வழக்கமாக இதற்குப் போடுவது கார்பன் பிளாக் என்ற புகைக்கரி.

புகைக்கரியின் துகள் சிறு உருண்டை. குறுக்களவு 40 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 10 மைக்ரான் தூரத்தைக் கடக்க 250 உருண்டைகள் வரிசையாகத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஒன்றை இன்னொன்று தொடும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் தடை. நடுவில் ஒரு இடத்தில் தொடர்பு விட்டாலும் அந்தப் பாதை அத்தோடு போயிடும்.

கார்பன் நானோகுழாய் வேற மாதிரி. பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டின் ஒற்றை அடுக்கைச் சுருட்டிய பாய் போல அதன் அமைப்பு. 1991-இல் ஜப்பான் விஞ்ஞானி சுமியோ இஜிமா வெளியிட்ட படங்களுக்குப் பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. 10 நானோமீட்டர் தடிமனும் 10 மைக்ரான் நீளமும் உள்ள ஒரு குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். தடிமனைப் போல ஆயிரம் மடங்கு நீளம். கண்ணுக்குத் தெரியும் கணக்கில் சொன்னால், ஒரு சென்டிமீட்டர் தடிமனில் பத்து மீட்டர் நீளக் கம்பி. 250 உருண்டைகள் சேர்ந்து போட்ட பாதையை ஒரே குழாய் முடித்துவிடும்.

அதனால் எடையில் புகைக்கரியைவிடக் குறைவாகப் போட்டே பூச்சு முழுக்க ஒரு வலை உண்டாக்க முடிகிறது. அளவு ஒரு வரம்பைத் தாண்டும்வரை குழாய்கள் ஒன்றையொன்று தொடாது, பெரிய பலன் தெரியாது. வரம்பைத் தொட்டதும் தடை சட்டென்று விழும். உள்தடை பாதியானால் அந்த கெபாசிட்டர் கொடுக்கக்கூடிய உச்ச சக்தி இரண்டு மடங்காகும். வீணாகும் வெப்பமும் குறையும். கயத்தாறு வெயிலில் உச்சியில் ஒரு பெட்டிக்குள் கிடக்கும் கருவிக்கு வெப்பம் குறைவது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. தடித்த பூச்சு காயும்போது, சித்திரை வெயிலில் கரிசல் வெடிப்பதுபோலப் பாளம் பாளமாக வெடிக்கும். மண்சுவரில் சேர்க்கும் வைக்கோல் மாதிரி நானோகுழாய் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் நிறையப் போட்டுவிடலாமா?

முடியாது. மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் வேலையில் கிளர்வுற்ற கரிக்கு நானோகுழாய் ஈடாகாது. அளவு கூடினால், சேமிக்கும் சரக்கின் இடத்தைக் கடத்தும் சரக்கு பிடித்துக்கொள்ளும். விலையும் அதிகம்.

அடுத்த சிக்கல், குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றையாகிவிடும். சிக்குப் பிடித்த நூல்கண்டு மாதிரி. அப்படியே கலந்தால் ஒரு இடத்தில் கட்டியாக நிற்கும், மற்ற இடத்தில் ஒன்றும் இருக்காது. மீயொலி அதிர்வு கொடுத்தோ, அரைத்தோ, சிக்கைப் பிரிக்கும் வேதிப்பொருள் சேர்த்தோ பிரிக்க வேண்டும். ரொம்ப நேரம் அதிரவைத்தால் குழாயே உடைந்து குட்டையாகும். நீளம்தானே அதன் பலம்?

குழாயை வளர்க்க இரும்பு, கோபால்ட் போன்ற உலோகத் துகள்கள் வேண்டும். சூடான உலைக்குள் ஹைட்ரோகார்பன் வாயு இந்தத் துகள்மேல் சிதைந்துதான் குழாய் வளர்கிறது. உலோக மிச்சத்தைக் கழுவி எடுக்காவிட்டால், ஏற்றிய சார்ஜ் சும்மா இருக்கும்போதே கசிந்துவிடும்.

தொழிலாளியின் பாதுகாப்பும் முக்கியம். நீளமான, விறைப்பான சில வகை நானோகுழாய்கள் நுரையீரலில் ஆஸ்பெஸ்டாஸ் இழையைப் போலத் தீங்கு செய்வதாக விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உலர்ந்த பொடியாக அள்ளும் இடத்தில் முகக்கவசமும் தூசி உறிஞ்சியும் இல்லாமல் வேலை செய்யக் கூடாது.

கரிசலுக்கு இதில் என்ன இருக்கிறது?

சிக்ரியில் சூப்பர் கெபாசிட்டர் ஆய்வு பல வருஷமாக நடக்கிறது. கரி, உலோக ஆக்சைடு, நானோகுழாய், கிராஃபீன் என்று மின்முனைப் பொருள்கள் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் அங்கிருந்து வந்திருக்கின்றன. சாலையில் பார்த்தால் காரைக்குடியிலிருந்து கோவில்பட்டி சில மணி நேரப் பயணம்தான். ஆய்வுக்கும் தொழிலுக்கும் இடையில் உள்ள தூரம் அதைவிட அதிகம். பக்கத்து மாநிலமான கேரளத்தில், இஸ்ரோவின் தொழில்நுட்ப உதவியோடு கெல்ட்ரான் நிறுவனம் 2024-இல் கண்ணூரில் சூப்பர் கெபாசிட்டர் தயாரிப்பு மையத்தைத் தொடங்கியிருக்கிறது.

கரிசல் காட்டில் கரிக்குப் பஞ்சம் இல்லை. விளாத்திகுளம் பக்கமும் ராமநாதபுரம் பக்கமும் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது பல குடும்பங்களின் பிழைப்பு. மூட்டையாகக் கட்டி விறகுக்கரி விலைக்குத்தான் அது போகிறது. அதே சீமைக்கருவேலத்திலிருந்து நுண்துளைக் கரி செய்து சூப்பர் கெபாசிட்டர் மின்முனையாகப் பயன்படுத்த முடியுமா என்று ஆய்வகங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள், கட்டுரைகளும் வெளிவந்திருக்கின்றன. ஆய்வகத்தில் சில கிராம் நன்றாக வேலை செய்வது வேறு. ஒவ்வொரு மூட்டையும் ஒரே தரத்தில், சாம்பலும் உலோகமும் இல்லாமல் டன் கணக்கில் வருவது வேறு. சிரட்டைக்கரி சந்தையைப் பிடித்துவைத்திருப்பதே அந்தச் சீரான தரத்தால்தான்.

ஆக, மேலே காற்றாலை இருக்கிறது, கீழே கரி இருக்கிறது, வடக்கே காரைக்குடியில் அறிவும் இருக்கிறது. மூன்றையும் இணைக்கும் பாதைதான் இன்னும் ஒழுங்காக விழவில்லை. துணி ஆலை நடத்திய அழகப்பருக்கு இந்த இடைவெளி தெரிந்திருந்தது என்பதை அவர் பணம் போன இடங்களே சொல்கின்றன. கல்லூரிக்குக் கொடுத்தார், பாலிடெக்னிக்குக் கொடுத்தார், பொறியியலுக்குக் கொடுத்தார், ஆய்வகத்துக்கும் கொடுத்தார். ஆராய்ச்சி செய்பவர், மெஷின் ஓட்டுபவர், கணக்குப் பார்ப்பவர் எல்லோரும் ஒரே ஊரில் படித்து வெளியே வரும்படி அந்த வளாகம் அமைந்தது. 1985-இல் தமிழக அரசு அங்கே ஒரு பல்கலைக்கழகத்தையே தொடங்கி அவர் பெயரை வைத்தது.

சிக்ரி திறந்தபோது நானோகுழாய் என்ற சொல்லே கிடையாது. சூப்பர் கெபாசிட்டருக்கான முதல் காப்புரிமையைப் பார்க்க அழகப்பர் உயிரோடு இல்லை, மூன்று மாத வித்தியாசத்தில் போய்விட்டார். அவர் கொடுத்த 300 ஏக்கரில் இன்றைக்கும் காலையில் மாணவர்கள் ஆய்வகக் கதவைத் திறந்து, கருப்புப் பொடியை எடை போட்டு, அலுமினியத் தாளில் தடவிக் காயவைத்துக்கொண்டிருக்கிறார்கள்.